ஒரு விரல் கூடிய எண்ணெய்

பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காராமல் கப்பலுக்குப் போனவர் இத்ரூஸ். ஆறு வருஷம் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் ஊற்றும் வேலை பார்த்தார். திரும்பி வந்ததும் நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின்காரராகச் சேர்ந்துகொண்டார். தோட்டம் முழுக்க அவருக்குக் கப்பல் நானா, அதாவது கப்பல் அண்ணன், என்றே பெயர். கடல் இல்லாத மலையில் கப்பல் நானாவா என்று சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அவரைப் போல எஞ்சினைக் கவனித்தவர் அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.

அவர் கணக்கு இதுதான். டீசல் எஞ்சினுக்குச் சோறு, எரிந்து தீர்ந்துவிடும். எண்ணெய் தீராது. உள்ளேயே சுற்றி வந்து இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் நிற்கும். எண்ணெய் நிற்காமல் வழிந்தோடும் இடங்களுக்குக் கிரீஸ். அட்டைக்கடிக்குப் பயந்து காலில் பூசக் கிரீஸ் கேட்டுக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வருவார்கள். தூசி விழுந்த பழைய கிரீஸைத்தான் வழித்துக் கொடுப்பார்.

“ஏன் நானா, எங்க காலு எஞ்சினைவிடக் கேவலமாப் போச்சா?” என்று பாக்கியலெட்சுமி ஒருநாள் கேட்டாள்.

“ஒனக்கு வாய் இரிக்கி, கடிச்சாக் கத்துவ. எஞ்சின் பாவம், கத்த முந்தியே செத்துப் போயிரும்.”

எழுபத்தெட்டாம் வருஷம் ஆயுத பூசை வந்தது. அன்று சாயங்காலம் எஞ்சினை நிறுத்தித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். எண்ணெய் ஊற்றும் வாயின் பித்தளை மூடியைக் கழற்றிப் பளபளவென்று துலக்கிக் கொடுத்ததே இத்ரூஸ்தான். பூசை செய்தவர் தொழிற்சாலைக் கங்காணி தம்பையா. பொங்கலும் கடலையும் வாங்கிக்கொண்டு, மஃரிபு தொழுகைக்கு நேரமாகிறது என்று இத்ரூஸ் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணி. பரண்களில் பத்தாயிரம் இறாத்தல் கொழுந்து வாடி, அரைப்பதற்குத் தயாராக இருந்தது. மதியத்துக்குள் அரைக்காவிட்டால் எல்லாம் குப்பைதான். இத்ரூஸ் வழக்கம் போல அளவுக் கம்பியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தார். நேற்றுக் காலை இருந்ததைவிட எண்ணெய் ஒரு விரல் கூடியிருந்தது.

முகர்ந்தார். டீசல் வாடை இல்லை. விரலில் தேய்த்தார். நல்ல எண்ணெய்தான். ஆனால் அவர் ஒரு சொட்டும் ஊற்றவில்லையே. தூங்கிய எஞ்சினுக்கு எண்ணெய் எப்படிக் கூடும்? கீழே ஏதோ புகுந்து எண்ணெயை மேலே தூக்கியிருக்கிறது.

“என்ன நானா, இன்னும் சத்தத்தைக் காணோம்?” என்று தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் வந்தார்.

“எண்ணெய்க்குக் கீழ தண்ணி நிக்கிது. ஓட்ட ஏலா.”

டீமேக்கர் கம்பியை வாங்கிப் பார்த்தார். “தேன் மாதிரி இருக்கு! கொறைஞ்சா பயப்படலாம், கூடினதுக்கு ஏன்யா பயப்படுறீங்க? ஸ்டார்ட் பண்ணுங்க.”

“அடியில திருகாணியைத் தொறந்து பார்க்கோணும்.”

“தொறந்தா எண்ணெய் பூரா போயிரும். அதை மறுபடி ஊத்தி ஓட்ட முடியுமா? ஸ்டோர்ல இருக்கிறது ஒரே பீப்பா. வெஜயதசமி நாள்ல எஞ்சின் ஓடலேன்னா ஆளுங்க என்ன பேசுவாங்க? பூசையை நானாதான் கெடுத்தாருன்னு சொல்வாங்க!”

இத்ரூஸ் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். டீமேக்கர், தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு ஆள் அனுப்பினார்.

துரை ஜீப்பில் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இத்ரூஸ், தொறந்து பாருங்க. தண்ணி இல்லேன்னா இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணணும். சரியா?” என்றார்.

தோட்டம் கொடுத்த அந்த வீட்டில் மனைவி றஷீனாவும் இரண்டு பிள்ளைகளும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இத்ரூஸ் கைப்பிடியைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார். “சரி தொரை” என்றார்.

வாளியை வைத்துக் குனிந்து, அடி ஆணியை மெல்லத் திருகினார். முதலில் ஒன்றும் வரவில்லை. டீமேக்கர் இருமினார். இன்னும் அரைச் சுற்று. வெள்ளையாகக் கொட்டியது. திரிந்து கட்டியான பால்! பன்னீர் வாடையும் புளிப்பு வாடையும் சேர்ந்து அறை முழுக்கப் பரவின.

கதவோரம் நின்றிருந்த தம்பையாவின் முகம் வெளுத்தது. இத்ரூஸின் பக்கத்தில் வந்து குனிந்து காதோடு சொன்னார். “நானா... மூடி சும்மாதான் வெச்சிருந்துச்சு. அதுவும் ஒரு வாய்தானேன்னு ஒரு செம்பு பன்னீர் கலந்த பாலை ஊத்திட்டேன். உள்ள போனதும் சாமி குடிச்சிருச்சுன்னு நெனச்சேன்.”

“வாயைப் பொத்துங்க கங்காணி, துணியை எடுங்க” என்றார் இத்ரூஸ்.

எண்ணெய் முழுவதையும் இறக்கினார்கள். இத்ரூஸ் தோள்வரை கையை விட்டு உள்ளே துடைத்தார். ஸ்டோரில் இருந்த பீப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து, அடுப்பில் காய்ந்த தகர மூடியில் ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் கலந்திருந்தால் வெடித்துத் தெறிக்கும். தெறிக்கவில்லை. ஊற்றினார்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “இதை அப்படியே ஓட்டியிருந்தா?”

“அடியில நிக்கிற பாலைத்தான் பம்பு மொதல்ல இழுக்கும். பேரிங் காய்ஞ்சு உருகி இறுகிப் போயிருக்கும் தொரை. ரெண்டு மாசத்துக்கு ஃபெக்டரி மூடல்.”

“எப்படி உள்ள போச்சு?”

தம்பையா வாயைத் திறந்தார். இத்ரூஸ் முந்திக்கொண்டார். “மூடியைத் தொலக்கிப்போட்டு இறுக்காம வெச்சது நான். என்ட தப்புத்தான் தொரை.”

துரை அவரையும் தம்பையாவையும் மாறி மாறிப் பார்த்தார். “இனிமே இறுக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

பத்தேகால் மணிக்கு எஞ்சின் கிளம்பியது. பட்டைகள் சுற்றின, உருளைகள் அரைத்தன. கொழுந்தில் ஒரு கூடைகூட வீணாகவில்லை. தம்பையா சுவரில் சாய்ந்து நின்றார். இத்ரூஸ் பேரிங் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் இல்லாத பிள்ளையின் நெற்றி போல இளஞ்சூடாக இருந்தது. கையை எடுக்காமல் அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.