பார்வதி அக்கா உதவிக்குப் போகவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை மெட்ரோவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பார்வதி அக்காவின் மகன் அழைத்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி" என்றான். நான் இறங்க வேண்டிய கரோல் பாக் நிலையம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவரை அறிந்த உங்களுக்கும் அன்றைய காலை அப்படித்தான் இருந்திருக்கும்.

மழலையர் வகுப்பு ஆசிரியைகளை உருவாக்கும் எங்கள் பயிற்சி நிலையத்தில் அவர் செய்முறை வகுப்பு எடுத்தார், நான் குழந்தை உளவியல். "நான் செய்யச் சொல்லுதேன், நீ எழுதச் சொல்லுத. புள்ளைங்க யார் பேச்சைக் கேக்கும்?" என்று சீண்டுவார். இத்தனை வருட டெல்லி வாசத்தில் அவருடைய நெல்லைத் தமிழில் ஹிந்தி புகுந்ததே தவிர, நெல்லை வெளியேறவில்லை.

நிலையத்துக்குள்ளேயே ஒரு மழலையர் அறை உண்டு. பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து, வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் குழந்தைகள் அங்கே வருவார்கள். ஒருமுறை பயிற்சிப் பெண்கள் சுவர் முழுக்க மயிலும் மாம்பழமுமாக ஒட்டி வைத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தார்கள். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு, வாசலிலிருந்தே குழந்தைகளின் உயரத்தில் முழங்காலில் நடந்து உள்ளே வந்தார். "எனக்கு வெறும் சுவருதான் தெரியுது. மயிலு யாருக்கு, இன்ஸ்பெக்டருக்கா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, அதையே ஹிந்தியிலும் கேட்டார். பெண்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கி ஒட்டினார்கள். அவரை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. "ஜல்தி தூக்குங்கடி, மூட்டு போச்சு!" என்று அதற்கும் ஒரு அதட்டல்.

அந்த அறையைத்தான் நிர்வாகம் ஒருநாள் மூடப் பார்த்தது. குழந்தைகளின் சத்தம் அதிகமாம். வகுப்பு நடத்துவதை வீடியோவில் பார்த்தே கற்றுக்கொள்ளலாமாம், அறையில் கம்ப்யூட்டர் வைக்கலாமாம். எனக்கு வந்த கோபத்தில் நிர்வாகத் தலைவரிடம் சண்டைக்கே போயிருப்பேன். அக்கா, "அச்சா, ஒருநாள் வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

நிர்வாகத்தார் வரும் நாளில் வகுப்பெடுக்க ஆகக் கெட்டிக்காரப் பெண்ணை நிறுத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் நிறுத்தியது நேஹாவை. அவளுக்கு அதுதான் முதல் வகுப்பு. "அக்கா, மானம் போயிடும்" என்றேன். "நல்லாப் பண்ணுதவளுக்கு இந்த ரூமு எதுக்கு விஜி?" என்றார்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறை நேஹாவும் செய்தாள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுமுன் வண்ணக் கிண்ணங்களைக் குழந்தைகள் முன் வைத்துவிட்டாள். அடுத்த நிமிடம் தலைமுடி, மேசை, பக்கத்தில் இருந்தவன் சட்டை எல்லாம் வண்ணம். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. நேஹா கத்தினாள், பிறகு அவளும் அழுதாள். நான் ஓடப் பார்த்தேன். அக்கா முழங்கையால் மறித்தார்.

"இதுதான் பயிற்சியா?" என்றார் தலைவர், நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு.

"ஆமா சார்" என்று அக்கா ஹிந்தியில் சொன்னார். "இங்கே அழுதால் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அழுதால் யார் இருப்பார்கள்?"

நேஹா வண்ணக் கையால் கண்ணைத் துடைத்ததில் ஒரு கன்னம் முழுக்க நீலமாகிவிட்டது. அழுத குழந்தை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து, மறு கன்னத்துக்கு என்ன நிறம் பூசலாம் என்று அதனிடம் கேட்டாள். மற்ற குழந்தைகளும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வகுப்பு தொடங்கிவிட்டது.

தலைவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை பார்த்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர்கள் மாடிக்குப் போயின, அறை பிழைத்தது. நான் பார்த்தது வேறொன்று. வந்தவர்களுக்கு அக்காவின் அமைதியான முகம்தான் தெரிந்தது. பின்னால் நின்ற எனக்கு அவர் கைகள் தெரிந்தன. முதுகுக்குப் பின்னே முந்தானை நுனியை விரல் வெளுக்க முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட அவருக்குத்தான் ஓடிப்போய் நேஹாவைத் தாங்கவேண்டும் போல இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை பிரியமாகிவிட்டது.

அவருடைய செய்முறை வகுப்பை இனி நான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத அந்தப் பொறுமை ஒன்றைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறேன். திங்கட்கிழமை ஏதோ ஒரு பயிற்சிப் பெண், குழந்தைகளுக்கு நடுவே நின்று அழுவாள். நான் உதவிக்குப் போகமாட்டேன், அக்கா. அறையை விட்டும் போகமாட்டேன்.