விதைப்பு வாரத்தில் நடத்திய பயிற்சி

பயிற்சிக்கு நாள் குறித்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யார்மேலாவது பழியைப் போட எனக்கு ஆசை வந்துவிடும். பௌர்ணமிப் போயா விடுமுறை, பள்ளிப் பரீட்சை, கோயில் திருவிழா, பயிற்சி நடக்கும் கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் கல்யாணம் இல்லாத நாள் என்று எல்லாம் பார்த்துப் புரட்டாசிக் கடைசியில் இரண்டு நாள் ஒதுக்கினேன். வடக்கே வன்னியிலிருந்து இருபத்துநான்கு விவசாயிகள் வர வேண்டும். வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து விதைப்பது எப்படி என்பதுதான் பாடம்.

கொழும்பு நகருக்குள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு மழை என்றால் காலி நகருக்குப் போகும் வீதியில் பஸ் நகராது, அவ்வளவுதான். வயலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனாலும் நன்றாகப் படிப்பிப்பேன் என்ற திமிர் எனக்கு உண்டு. முன்பெல்லாம் இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குச் சங்கத் தலைவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை அது வேண்டாம், வயலில் இறங்கி விதைப்பவர்களே வர வேண்டும் என்று கண்டிப்பாகக் கடிதம் போட்டேன். அப்படியே வந்தார்கள்.

முதல் நாள் காலையில், அன்றைக்கே வெளியான மழைப் படத்தைத் திரையில் போட்டேன். பழைய படத்தை வைத்து விளக்கினால் அவர்களுக்கு அலுப்புத் தட்டும் என்று நினைத்தேன். வடக்கு முழுக்கக் கடும் நீலம், அதாவது பெருமழை. முதல் பெருமழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட வேண்டும், மண் சேறானால் உழவு இயந்திரம் இறங்காது, பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான் என்றும் நானே விளக்கி முடித்தேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். இரண்டு ஏக்கரைத் தனியாளாகச் செய்கிறவர் என்று அறிமுகத்தின்போது சொல்லியிருந்தார்.

“மிஸ், அந்த நீலம் எங்கட பக்கம்தானே?”

“ஓம் அக்கா.”

“நாளைக்குப் பின்னேரம் எண்டு போட்டிருக்கு. என்ர வயல் உழுதபடி கிடக்கு. விதைநெல் வீட்டில கிடக்கு. அப்ப நாங்கள் ஏன் இஞ்ச இருக்கிறம்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். கூடவே, மறுநாள் பேச வரவிருந்த விரிவுரையாளரும், சொல்லி வைத்த மத்தியானச் சாப்பாடும், நான் எழுத வேண்டிய அறிக்கையும் நினைவுக்கு வந்தன.

“முன்னறிவிப்பு எண்டால் நிச்சயம் எண்டில்லை அக்கா, பிந்தவும் கூடும். நாளைக்குத்தான் முக்கியமான பாடம் இருக்கு,” என்றேன்.

காலையிலிருந்து நம்புங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த படத்தை ஒரே வாக்கியத்தில் கைவிட்டேன்.

அவர் வாதாடவில்லை. பையை எடுத்துக்கொண்டு, “குறை நினைக்காதேங்கோ மிஸ்,” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போகும் வவுனியா பஸ்ஸைப் பிடிக்கப் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். மற்ற இருபத்துமூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

மறுநாள் பின்னேரம், நன்றியுரை நடந்துகொண்டிருந்தபோது கைபேசிகள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. ஊரில் மழை கொட்டுகிறதாம்.

இரண்டு வாரம் கழித்து அந்த அக்காவுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். நல்ல செய்தி அங்கே மட்டும்தான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

“அடுத்த நாள் காலமையே விதைச்சிட்டன் மிஸ். மத்தியானத்துக்குப் பிறகுதான் மழை துமிக்கத் தொடங்கினது. இப்ப வடிவா முளைச்சிட்டுது,” என்றார். பிறகு கேட்டார்: “மற்ற ஆக்களுக்கு எடுத்தனீங்களோ?”

எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு நாளும் கவனமாகக் குறிப்பெடுத்த பெரியவருக்கு எடுத்தேன்.

“பயிற்சி நல்லா இருந்தது மிஸ்,” என்றுதான் தொடங்கினார்.

“வயல் என்ன மாதிரி ஐயா?”

“சேறாக் கிடக்கு. இன்னும் மெசின் இறங்கேலாது.”

“நீங்களும் அண்டைக்கே எழும்பிப் போயிருக்கலாமே?”

“மழை வரும் எண்டு தெரிஞ்சதுதான்,” என்றார். “ஆனா நீங்கள் அவ்வளவு மினக்கெட்டுப் படிப்பிக்கேக்க, இடையில எழும்பிப் போறது மரியாதை இல்லைத்தானே மிஸ்.”