மூன்று உறைக் கம்பி

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று எல்லோரும் சொல்வார்கள். எதனால் வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அடாப்டர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் டிரான்ஸ்பார்மர் வடிவமைக்கும் இன்ஜினியர் அவள். முதலாளி, அவளுடைய அக்கா புருஷன். உறவுக்காரர்கள் கேட்டால், "மச்சினி நம்மகிட்டதான் இருக்கா. கம்பி சுத்தற வேலை" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுற்றுவதுதான். ஆனால் எதன்மேல் எதைச் சுற்றுவது? சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு கம்பியில் ஓடும். மனிதர் கை படும் பக்கத்துக்குப் போவது இன்னொரு கம்பி. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் உருளையில் இரண்டும் நெருங்கி உட்கார வேண்டும், தொட்டுக்கொள்ளவே கூடாது. விலக்கி வைத்தால் காந்தப்புலம் கசிந்து, மின்சாரத்தை விடாமல் விட்டு நிறுத்திக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டர் வெடிக்கும். காப்பு இல்லாமல் நெருக்கினால் ஆளுக்கே ஷாக். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் பிழைப்பு.

அந்த முறை வந்தது, மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசருக்கான அடாப்டர் ஆர்டர். கொடுத்திருந்த பெட்டியோ ரொம்பச் சின்னது. அதனால் கை படும் பக்கத்துக்கு மூன்று உறை போட்ட மஞ்சள் கம்பியைத் தேர்ந்தெடுத்தாள். சுவர்ப் பக்கக் கம்பியின் சுற்றைப் பாதியாகப் பிரித்து, நடுவில் மஞ்சளை வைத்து, மீதியை மேலே சுற்றச் சொன்னாள். மாதிரி அருமையாக வேலை செய்தது.

சரக்கு தயாராகிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒரு அடாப்டர் இரைகிறது என்று அவள் மேசைக்கு வந்தது. டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, டேப்பை உரித்துக்கொண்டே போனாள். நடுவில் மஞ்சளைக் காணோம். சாதாரண வார்னிஷ் பூசிய செம்புக் கம்பி பல்லிளித்தது. அதை எடுத்துக்கொண்டு கம்பி சுற்றும் பிரிவுக்குப் போனாள்.

"இத யாரு மாத்தினது?"

சுற்றும் பிரிவுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திதான் வாய் திறந்தாள். "ஸ்டோர்ல இதத்தான் குடுத்தாங்க மேடம். கேட்டதுக்கு, சார் சொல்லிட்டாருன்னாங்க."

மாடியில் முதலாளி அறைக்கு ஏறினாள்.

"மஞ்சக் கம்பி எங்க அத்தான்?"

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடு."

"மஞ்சக் கம்பி எங்க சார்?"

"வர லேட் ஆகுமாம். வண்டி கெளம்பணும். சாதாக் கம்பிலயே வோல்ட்டேஜ் சரியா வருது, சூடாகல, டெஸ்ட் பாஸ். அப்புறம் என்ன?"

"இன்னிக்குப் பாஸ் ஆகும். சாதாக் கம்பின்னா ரெண்டு ஓரத்துலயும் எடம் விடணும். எடம் விட்டா சுத்து அடங்காது. இதுல உறையும் இல்ல, எடமும் இல்ல. ஈரம் ஏறினா சுவர்க் கரண்ட் அப்படியே வெளிய வரும். மூச்சு முட்டுறவங்க மூஞ்சில வெச்சுக்கிற மிஷின் சார் அது!"

"ஒரு டேப் கூடப் போட்டுக்க. கம்பி சுத்தறதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தடதடவென்று இறங்கிப் போய், சுற்றும் மிஷின்களின் மெயின் சுவிட்சை அணைத்தாள். வண்டியில் ஏறிவிட்ட பெட்டிகளில் ஒன்றைக் கிழித்து, கை கொண்ட மட்டும் அடாப்டர்களை அள்ளினாள். ஈரமும் சூடும் ஏற்றிச் சோதிக்கும் அலமாரியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பின்னாலேயே இறங்கி வந்த முதலாளியிடம் திரும்பினாள்.

"ரெண்டு நாள் கழிச்சு எடுத்து டெஸ்ட் பண்ணலாம். அதுவரைக்கும் இந்த வண்டி நகந்துச்சு, வாங்கினவங்களுக்கு நானே போன் பண்ணுவேன்."

வீட்டுக்குப் போவதற்குள் அக்கா போன் செய்துவிட்டாள். "ஒனக்கு வேலை குடுத்தவர்டி அவரு. அத்தன பேர் முன்னாடி மானத்த வாங்குவியா?"

"கரண்டுக்கு அத்தான், மச்சினின்னு தெரியாதுக்கா."

சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. பஸ் ஓட்டும் புருஷன் வாசற்படியிலேயே நின்றான். "உன் கையில பிளக்க சொருகினா தெருவுக்கே லைட் எரியும் போல." அவள் சிரிக்கவில்லை.

அலமாரியைத் திறந்த அன்று முதலாளியும் வந்து நின்றார். டெஸ்டரில் முதல் அடாப்டர் தப்பித்தது. "பாத்தியா?" என்றார். இரண்டாவதில் 'சட்' என்று ஒரு பொறி, சிவப்பு விளக்கு. அடுத்ததிலும் அதே. அவர், "பெட்டியெல்லாம் எறக்குங்கடா!" என்று லோடுமேன்கள்மேல் எரிந்து விழுந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஜெயித்த மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு அடாப்டர் இரையாமல் இருந்திருந்தால்?

மஞ்சள் கம்பிக்குக் காத்திராமல் உயரமான உருளையை எடுத்து, ஓரங்களில் இடம் விட்டு, எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டாள். பெட்டி கொஞ்சம் பெரிதானது. வாங்குகிறவர்கள் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

அக்கா மகள் பிறந்தநாளில் முதலாளி, தட்டும் கையுமாக உறவினர்களிடம் அளந்துகொண்டிருந்தார். "பாதுகாப்புன்னு வந்துட்டா நான் துளிகூட விட்டுக்குடுக்க மாட்டேன். வண்டில ஏத்தின சரக்கையே எறக்கினவன்!"

"ஏத்தச் சொன்னதும் நீங்கதானே அத்தான்?"

அக்கா முறைத்தாள். புருஷன் காதருகே, "கெளம்பலாமா?" என்றான்.

"சாப்பிட்டுட்டு வர்றேன்" என்று உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து அக்கா பேசுவதில்லை. முதலாளி எதைச் சொல்வதானாலும் ஸ்டோர்காரரை விட்டுச் சொல்லி அனுப்புகிறார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த ஆர்டரை யார் வடிவமைப்பது? ஆனால் அவள் கையெழுத்து இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு முழம் கம்பிகூட வெளியே வருவதில்லை.

"கையெழுத்து உன் கைக்கு வந்தாச்சே, போதுமா?" என்று கேட்டான் புருஷன்.

"போதாது" என்றாள்.