நண்டுக் கிரகத்து ராஜாவின் உடுப்பு

மடவளையில் முப்பத்தாறு வருடம் தையல் கடை வைத்திருந்தேன். கல்யாணக் கோட்டிலிருந்து கராத்தே உடுப்பு வரை தைத்தாயிற்று. ரிஸானா டீச்சரின் ஓடரைப் போல எதுவும் என் உயிரை வாங்கவில்லை.

"நானா, ஒரே சூரியன். அதச் சுத்தி அஞ்சு கிரகம். அஞ்சுலயும் வேற வேற உயிர்கள். வெளிச்சத்துக்குச் சண்ட புடிச்சி, கடைசில ஒத்துமையாகிறாங்க. இருபது புள்ளைக்கு உடுப்பு வேணும்."

கண்டியில் நடக்கும் பாடசாலை நாடகப் போட்டிக்கு. டீச்சர் எழுதிய முதல் நாடகம். "படிக்கிற புள்ளைகளுக்கு இது என்னத்துக்கு?" என்ற பாடசாலை அதிபரிடம் மன்றாடி, இந்த ஒரு தடவைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார். சொதப்பினால் அந்தப் பாடசாலையில் இனி நாடகமே கிடையாது. பாவமாக இருந்தது, ஒப்புக்கொண்டேன்.

பிறகு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திங்கள் சொன்ன வால் புதன்கிழமை செட்டையாகிவிடும்.

"டீச்சர், ஒரு முடிவுக்கு வாங்க. இது நண்டா, பல்லியா?"

"ரெண்டும் இல்ல நானா. வேற்றுக் கிரகவாசி."

"அப்ப டேப்ப நான் எங்க புடிச்சி அளக்கிறது?"

இது போதாதென்று ஒரு தாய் கடைக்கே வந்துவிட்டார். "அடுத்த வீட்டுப் புள்ளைக்கு செறகு, எங்கட மகளுக்கு மட்டும் வாலா?" அந்த நீதிமன்றத்துக்கும் நானே நீதிபதி.

முன்பக்கம் தையல் தெரியக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. எல்லாருக்கும் முதுகில் ஸிப் வைத்தேன். கைகளுக்கு ஸ்பொஞ்சில் கொடுக்கு, துடுப்பு, செட்டை. ஐந்தாம் கிரகத்து வெளிச்சத் திருடர்களுக்கு மட்டும் வெறும் விரல். அவர்கள் டோர்ச் பிடிக்க வேண்டுமே.

போட்டியன்று நான் சபையில் இருந்தேன். யுத்தக் காட்சி. நண்டுக் கிரகத்து ராஜா ஷிபான், ஐந்தாம் வகுப்பு, குண்டுப் பையன். வசனத்தின் நடுவே காலோடு காலைப் பின்னினான். மூத்திரம் முட்டிவிட்டது! முதுகு ஸிப்பைக் கொடுக்கால் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற தளபதிக்கும் கொடுக்குத்தான். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் தைத்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லையே!

அப்போது எதிரிப் படையிலிருந்து ஒரு திருடி டோர்ச்சைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ராஜாவின் ஸிப்பை ஒரே இழுவையில் திறந்துவிட்டாள். ராஜா தோலை மேடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, பெனியனோடு பறந்தான். சபை சிரித்துக் குலுங்கியது. நாடகம் அதோடு சரி.

மேடைக்குப் பின்னால் டீச்சர் அழுதுகொண்டிருந்தார். "எல்லாம் முடிஞ்சி நானா."

அதிபர் வந்தார், முகம் இறுகியிருந்தது. நான் முந்திக்கொண்டேன். "சேர், டீச்சர ஏசாதீங்க. பிழ முழுக்க நான் விட்டது."

தையல் பழகும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் சொல்கிறேன்: ஓடர் தருபவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தைக்காதீர்கள். போடப்போகிறவரை உடுத்தி, நடந்து, உட்கார்ந்து, தானே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிழை உங்களுடையது என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

மேடையிலிருந்து யாரோ கொண்டுவந்து தரையில் போட்டிருந்த நண்டுத் தோலை அதிபர் தூக்கினார். ஸிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இத முன்னுக்கு வைங்க நானா," என்றார்.