மஞ்சள் அட்டைக் கூண்டுகள்

ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினாறு வருடமாக அங்கே எல்லோருக்கும் அவள் எலியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள் என்று கேலி செய்வார்கள்.

அந்த வருடம் மேல்தளத்து ஆய்வாளர் எலிகளின் பின்னங்கால் நரம்பை வெட்டி, இரு முனைகளையும் அரிசி நீளக் குழாயால் இணைத்திருந்தார். உள்ளே ஒரு கூழ். அதைப் பற்றிக்கொண்டு நரம்பு வளரும். பிறகு குழாய் கரைந்துவிடும். பழைய கூழ் வைத்த எலிகளின் கூண்டுக்கு வெள்ளை அட்டை, புதியதற்கு மஞ்சள்.

மஞ்சள் அட்டை எலிகள் ஆறாவது வாரமே விரல் விரித்து நடந்தன. மூன்று மாத முடிவுகளைக் காட்டியதும், மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. பட்டியலில் முதல் ஆள் எலியக்காவின் தம்பி. கண்ணாடி வெட்டும் தொழிலாளி. கண்ணாடிப் பலகை சரிந்து மணிக்கட்டு நரம்பு அறுபட்டதில் வலது கை மரத்துப்போயிருந்தது. அவனைச் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

நான்காவது மாதம் ஒரு மஞ்சள் அட்டைக் கூண்டில் மரத்தூள் சிவந்திருந்தது. எலியின் விரல் நுனியைக் காணோம். மறுவாரம் இன்னும் நான்கு கூண்டுகளில் அப்படி. வெள்ளை அட்டையில் ஒன்றுகூட இல்லை.

"சார், அதுங்களே கடிச்சுக்குதுங்க."

"உணர்ச்சி திரும்பும்போது சுருக்குனு இருக்கும் எலியக்கா. நல்ல அறிகுறிதான்."

"தீனியை விட்டுட்டுக் காலைத் தின்னுதுங்க சார். இதா நல்லது?"

ஆய்வாளர் குறித்துக்கொண்டார். தலை நிமிரவில்லை.

வீட்டில் தம்பியிடம் கெஞ்சினாள். "இப்ப வேணாம்டா. ரெண்டு மாசம் பொறு."

"எலி கடிச்சுதுன்னு நான் பயப்படணுமா? எனக்கு வாலா இருக்கு?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "சட்டைப் பொத்தான்கூட நீதானேக்கா போட்டுவிடுற."

இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

அவன் கையில் குழாய் வைத்த மூன்றாவது மாதம் கட்டைவிரல் மடங்கியது. பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவள் மட்டும் தினமும் அவன் விரல் நுனிகளையே பார்த்தாள்.

ஐந்தாவது மாதம் அவன் வாளித் தண்ணீரில் கையை விட்டு உட்கார ஆரம்பித்தான்.

"சுருக்குனு இல்லக்கா. உள்ள யாரோ உக்காந்து நகத்தைப் பிடுங்குற மாதிரி இருக்கு."

அன்றே அவள் கூண்டுப் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போய் நிறுவனத்தின் பெரிய டாக்டர் மேசையில் வைத்தாள். சோதனை நிறுத்தப்பட்டது. வரிசையில் இருந்த மற்ற பதினெட்டுப் பேரும் தப்பித்தார்கள்.

ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தக் குழாயை எடுத்துடுங்க சார்" என்றாள்.

"எடுக்க ஒண்ணும் மிச்சமில்லைங்க. கரைஞ்சுடுச்சு. இப்ப இருக்கிறது அவரோட நரம்புதான்."

"அப்ப அதை வெட்டுங்க" என்றான் தம்பி.

"கை மறுபடி மரத்துடும். வலி போகும்னு உறுதியும் சொல்ல முடியாது."

"மரத்துப்போகட்டும் சார்."

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. இன்னும் ஐந்து நாள். வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், அவனுடைய தொழில் சாமான்கள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவன் அவ்வப்போது வாளியிலிருந்து கையை எடுத்து, விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொள்கிறான். ஒவ்வொரு முறையும் அவள் பதறி எழுந்துவிடுகிறாள்.