ஏழு முனை வாள்

பட்டறைக்காரர் முப்பது வருஷமாகச் சமையலறைக் கத்தி செய்பவர். வெங்காயம் நறுக்கிப் பார்க்காமல் ஒரு கத்தியையும் வெளியே விடமாட்டார். அவரிடம் ஒரு சினிமா இயக்குநர் வந்து, வேற்றுக்கிரக ராஜாவின் வாள் என்று ஒரு படத்தை நீட்டினார். பிடியைச் சுற்றிக் கொக்கி கொக்கியாக ஏழு முனை.

“இத இடுப்புல சொருகிட்டு எப்படிங்க உக்காருவான்?”

“ராஜா உக்கார மாட்டாருங்க.”

“உக்காராதவன் எதுக்கு ராஜாவா இருக்கான்?”

கூர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டு செய்து முடித்தார். வெட்டிப் பார்த்தபோது வெங்காயம் நசுங்கியது. அவர் சட்டைதான் கிழிந்தது.

படப்பிடிப்பில் ராஜா வேஷக்காரர் வாளை ஆவேசமாகச் சுழற்றினார். மூன்று முனைகள் அவருடைய ரப்பர் உடையின் முதுகு ஜிப்பில் மாட்டிக்கொண்டன. இழுக்க இழுக்க இறுகியது.

“அண்ணே, சீக்கிரம் கழட்டி விடுங்க. ஒண்ணுக்கு முட்டுது.”

வாளைக் கொடுக்க வந்திருந்த பட்டறைக்காரர் தன் பையிலிருந்த வெங்காயக் கத்தியை எடுத்து, ஒரே இழுப்பில் உடையைக் கிழித்தார். ராஜா உள்பனியனோடு கழிப்பறைக்கு ஓடினார்.

பட்டறைக்காரர் கத்தியைத் துடைத்தபடியே இயக்குநரிடம் சொன்னார்:

“நல்லவேளை, அந்தக் கிரகத்துல வெங்காயம் கிடையாது போல. இருந்திருந்தா ஒழுங்கா வெட்டுற கத்தி செஞ்சிருப்பானுங்க, நாம காலிங்க.”