சித்தி கேட்ட சுவர் நிறம்

என் சித்தப்பா பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் ஒற்றை அறைதான் அவருடைய வீடு. கடையில் அவரை ‘சொட்டு’ என்று கூப்பிடுவார்கள். அதைச் ‘சொட்டை’ என்று காதில் வாங்கி, முடி கொட்டிப்போனவர் போலிருக்கிறது என்று நினைத்துப் புதிதாக வருகிறவர்கள் அவர் தலையைப் பார்ப்பார்கள். அங்கே சீப்பு உடைகிற அளவுக்கு முடி இருக்கும். மெஷின் அளந்து ஊற்றி முடித்த பிறகும் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு சொட்டு விடணும்” என்பார். பெயர் வந்தது அதனால்தான்.

ஒருவர் பழைய தலையணை உறையைக் கொண்டுவருவார், இன்னொருவர் உடைந்த கோப்பையைக் கொண்டுவருவார். இதே நிறம் வேண்டும் என்பார்கள். சித்தப்பா கலந்து, அட்டையில் ஒரு தீற்று தீற்றி, ஹேர் டிரையரால் காயவைப்பார். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தால் இருக்காது. காய்ந்ததும் அட்டையோடு அவர்களையும் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவார். டியூப்லைட்டுக்கு அடியில் நின்று யாரும் முடிவு செய்யக்கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும். முதலாளிக்கு இது பிடிக்காது. “சொட்டு, அவங்க சுவருக்குத்தான் நிறம் பார்க்கிறாங்க, பொண்ணு பார்க்க வரலை” என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.

சித்தி கடல் தாண்டி, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றிவிடுவது, படுக்கை விரிப்பது. கல்யாணமாகி இரண்டாவது வருஷமே போய்விட்டார். கொஞ்ச நாள்தான் என்று சொல்லித்தான் போனார். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுவிட்டது.

தினமும் சாயங்காலம் சித்தப்பா மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசுவார். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பார். எங்களுக்கும் அங்கேதான் நன்றாகக் கேட்கும். கேட்கிற அளவுக்கு அவர் ஒன்றும் பேசிவிடமாட்டார். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா. மீதி நேரம் சித்தி பேசுவதைக் கேட்டுக்கொண்டு கால் கட்டைவிரலால் படியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பேசி முடித்த பிறகும் எழுந்திருக்கமாட்டார். அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். “போனை அடைகாக்கிறான், பாரு” என்று அம்மா சொல்வாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அதற்கப்புறம் அவருக்குக் காபி கொடுத்தனுப்புவாள்.

இந்த வருஷம் சித்தியின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு தடவை நீட்டித்துக்கொள்ளச் சொல்லி அங்கே கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். என்ன சொல்லட்டும் என்று சித்தி கேட்டார். சித்தப்பா, “உன் இஷ்டம்” என்றார்.

அன்றைக்கு அம்மா படியேறிப் போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். “அவ இஷ்டம் அவளுக்குத் தெரியாதா? உன் இஷ்டத்தைத்தானே கேட்டா.”

சித்தப்பா படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அங்கே அவளுக்கு நல்ல அறை, ஜன்னலைத் திறந்தால் தோட்டம், மரியாதையான வேலை. போட்டோவெல்லாம் அனுப்புகிறாளே, நீங்களும் பார்க்கிறீர்கள் இல்லையா அண்ணி. இங்கே என்ன இருக்கிறது? என் ஆசைக்காக வா என்று எப்படிக் கூப்பிடுவது?

உண்மைதான். சித்தி அனுப்பும் போட்டோக்களில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பார், பின்னால் வெளிர் நிறத்தில் ஒரு சுவர். ஒரு தடவை ஜன்னல் வழியாகத் தெரியும் புல்வெளியையும் எடுத்து அனுப்பியிருந்தார். ரொம்ப வசதியான இடம் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

வா என்று சொல்ல வாய் வராத மனுஷன், சித்தி வந்தால் இருக்கட்டும் என்று அறைக்குப் பெயின்ட் அடிக்கக் கிளம்பினார். என்ன நிறம் அடிக்கட்டும் என்று கேட்டதற்குச் சித்தி உடனே சொன்னாராம். “என் ரூம் சுவர் இருக்கில்ல, அதே நிறம். சாயங்காலம் விளக்கைப் போட்டுட்டு உங்களோட பேசும்போது ஒரு நிறம் இருக்கும் பாருங்க. அது வேணும்.”

இதைச் சித்தப்பாவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது காதோரம் சிவந்துபோனது. அவரைப் பொறுத்தவரை இது பெரிய காதல் வசனம்.

ஊரில் யார் எதைக் கொண்டுவந்தாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுக்கிறவர், மனைவி கேட்ட நிறத்தைக் கலக்கமுடியாமல் திணறினார். சித்தி அனுப்பிய ஒரு போட்டோவில் சுவர் வெண்ணெய் மாதிரி இருந்தது. அடுத்ததில் சாம்பல் கலந்த மாதிரி. இன்னொன்றில் லேசான ரோஜா நிறம். சித்தப்பா கடையிலிருந்து சின்னச் சின்ன டப்பாக்களில் கலந்துகொண்டு வந்து, அறைச் சுவரில் சதுரம் சதுரமாகத் தீற்றினார். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் சித்தி முதல் நாள் மூன்றாவது என்பார், மறுநாள் அதே படத்தைப் பார்த்து ஐந்தாவது என்பார். அம்மா வந்து பார்த்துவிட்டு, சுவருக்கு ஏதோ தோல் வியாதி, டாக்டரிடம் காட்டு என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். பள்ளிப்படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. சித்தப்பா ஒரே சதுரத்தை இரண்டு தடவை எடுத்தார். முதல் தடவை சுவர் மட்டும். இரண்டாவது தடவை கொடியில் கிடந்த அவருடைய சிவப்புத் துண்டும் ஓரத்தில் விழுந்துவிட்டது. இரண்டு படத்திலும் சதுரத்தின் நிறம் வேறுவேறாக இருந்தது. சுவர் அதே சுவர், வெயிலும் அதே வெயில்.

போன் தானாகவே முடிவெடுக்கிறது என்று நான் சொன்னேன். எதிரில் இருப்பதையெல்லாம் பார்த்து, வெள்ளை எது, வெளிச்சம் எவ்வளவு என்று அதுவே ஊகித்து மாற்றிவிடுகிறது. சிவப்பு அதிகமாக இருந்தால் அதைக் குறைக்கப் பார்க்கும். இருட்டாக இருந்தால் இழுத்து வெளிச்சமாக்கும்.

“என்னைக் கேட்காமலா?” என்றார். கடையில் வேலைக்கு வைத்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் டப்பாவில் கைவைத்தது போல அவருக்குக் கோபம்.

கேமராவுக்குள் ‘ப்ரோ’ என்று ஒன்று இருப்பதைக் காட்டினேன். நானும் அதுவரை தொட்டதில்லை. இரண்டு பேருமாக ஒரு நாள் முழுக்கத் திருகித் திருகிக் கற்றுக்கொண்டோம். ஷட்டர் என்பது கண் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. நேரம் கூடினால் வெளிச்சம் கூடும், கை ஆடினால் படம் கலங்கும். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தைப் போன் எவ்வளவு பெருக்கிக் காட்டவேண்டும் என்பது. கூட்டினால் இருட்டிலும் தெரியும், ஆனால் படம் மணல் தூவியது போல ஆகும். வைட் பேலன்ஸ் என்பது எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்பது. சூரியன் படம் போட்ட இடத்தில் அதை நிறுத்திவிட்டால், துண்டு சிவப்பாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் போன் மனசு மாறாது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்தினோம். ஐஎஸ்ஓ இருநூறு, ஷட்டர் முப்பதில் ஒரு பங்கு விநாடி, வைட் பேலன்ஸில் சூரியன். அப்படியே வைத்துச் சுவரை எடுத்தபோது, துண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சதுரங்கள் மாறவில்லை. சித்தப்பா தன் போனை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார்.

சித்தியிடமும் அதே மாதிரிப் போன் இருந்தது. அன்று சாயங்காலம் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அங்கேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது, இவரும் சிரித்தார். சொன்னால் அம்மா நம்பமாட்டாள், கூட்டிவந்து காட்டலாமா என்றிருந்தது எனக்கு.

படம் வந்தது. சுவர் காவிக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் அடர்த்தியாக இருந்தது. இவ்வளவு இல்லைங்க, பார்க்கும்போது இதமா இருக்கும் என்றார் சித்தி. சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். டியூப்லைட்டுக்கு அடியில் யாரையும் நிற்கவிடாத மனுஷன், இத்தனை நாளாக அங்கே எரிகிற மஞ்சள் விளக்கின் வெளிச்சத்தைப் பெயின்ட் என்று நினைத்துக் கலந்துகொண்டிருந்திருக்கிறார். விளக்கை அணைத்துவிட்டு, பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து, இதே அளவில் ஒரு படம் எடுத்து அனுப்பு என்றார்.

அந்தப் படம் வரவில்லை. முதலில் வேலை அதிகம் என்று சித்தி சொன்னார். பிறகு மறந்துவிட்டது என்றார். பிறகு, நீங்களே ஏதாவது நல்ல நிறமா அடிச்சிடுங்களேன் என்றார். சித்தப்பா விடவில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நிறம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் மதிய நேரம், அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். படம் வந்தது. முழுக் கறுப்பு.

லென்ஸில் விரலை வைத்துவிட்டாய் என்று சித்தப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். இல்லை என்றார் சித்தி. அப்படியென்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டு. கூட்டினார். மறுபடியும் கறுப்பு, இப்போது மணல் தூவிய கறுப்பு. கடைசிவரை கூட்டு, ஷட்டரை நாலு விநாடிக்குக் கொண்டுபோ, போனைக் கட்டில்மேல் சாய்த்து வை, ஆடக்கூடாது. பொறுமையாக, வாடிக்கையாளரிடம் பேசுவது போலப் பேசினார். சித்தியும் சொன்னதையெல்லாம் செய்தார். ஏன் செய்தார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தாரோ என்னவோ.

அந்தப் படத்தில் சுவர் தெரிந்தது. கூரைவரை அடுக்கிய இரும்பு அலமாரிகள் தெரிந்தன. அவற்றில் மடித்த படுக்கை விரிப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கட்டில். வெளிச்சம் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வந்தது. கதவுக்கு அடியில், தரையை ஒட்டி, ஒரு கோடு.

சித்தப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். குலுக்கும் மெஷினில் யாருடைய டப்பாவோ ஆடிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை நிறுத்தினார்.

“ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?”

“ஜன்னல் இல்லைங்க.”

“தோட்டம் எடுத்து அனுப்பினியே.”

“அது மேல் மாடி. பெரியவங்க உட்கார்ற இடம்.” பிறகு அவசரமாக, தூங்க மட்டும்தானே இந்த அறை என்றார். பகலெல்லாம் மேலேதான், வெளிச்சத்தில்தான் இருக்கிறேன், விளக்கைப் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், போட்டோவிலும் நன்றாகத்தானே வருகிறது. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்றுதான் இதைச் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கும் நான் இங்கே இருப்பதுதான் சரி என்று தோன்றினால் இருந்துவிட்டுப் போகிறேன்.

“எனக்கு அப்படித் தோணுதுன்னு யார் சொன்னா?”

“உன் இஷ்டம்னு சொன்னீங்களே.”

கடைக்குள் ஒரு பெண்மணி தலையணை உறையோடு நின்றிருந்தார். முதலாளி உள்ளேயிருந்து சொட்டு, சொட்டு என்று கூப்பிட்டார். சித்தப்பா காதில் வாங்கவில்லை. எப்போதும் அட்டைகளைத் தூக்கிப் பார்க்கிற அந்த வாசல்படியில் வந்து நின்றுகொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நீ வந்துடு.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிக்காமத்தான் சொல்றேன். யோசிச்சா வேற ஏதாவது சொல்லிடுவேன். வந்துடு.”

சித்தி அழுதாரா சிரித்தாரா என்று எனக்குக் கேட்கவில்லை. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், கையில் இருந்த பச்சைப் பெயின்ட் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. தலையணை உறையோடு நின்ற பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை, மெதுவாகவே கலக்குங்கள் என்றார்.

சித்தி அங்கே சொல்லிவிட்டார். ஆனால் சொன்னவுடன் விட்டுவிடுவார்களா? அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வரவேண்டும், அந்த ஆள் வேலை பழகவேண்டும். பழகுவதற்குச் சித்தியே கூட இருந்து சொல்லிக்கொடுக்கவேண்டுமாம். தேதி இன்னும் வரவில்லை. சித்தப்பா சுவரில் எந்த நிறமும் அடிக்கவில்லை. அவள் வந்து, இங்கே நின்று, பகலில் பார்த்துச் சொல்லட்டும் என்கிறார். தோல் வியாதி அப்படியே இருக்கிறது.

அதுவரை அவர் தினமும் தன் அறை ஜன்னலைப் படம் எடுத்து அனுப்புகிறார். காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று, வந்ததும் ஒன்று. எப்போதும் ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவில், எதையும் கூட்டாமல், குறைக்காமல். வெயில் அடித்தால் படம் வெளுத்துப்போகிறது, சாயங்காலம் ஜன்னல் கம்பிகூடச் சரியாகத் தெரிவதில்லை. கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்பலாமே என்று நான் சொன்னேன். வேண்டாம், இங்கே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அவளுக்குப் போகவேண்டும் என்றார்.

நேற்று அனுப்பிய படம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. சித்தியிடமிருந்து உடனே பதில் வந்தது. சித்தப்பா படியில் உட்கார்ந்தபடி அதை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

‘அங்கே மேகமா இருக்கா?’

“ஆமா” என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு அதையே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.